பிறந்தநாள் குழந்தைக்கு! பலகாரம் யாருக்கு?

வீட்டில் குழந்தைக்கு ஒரு வயது நிறைகிறது. அல்லது இரண்டு வயது நிறைகிறது. உறவினர் எல்லோரும் வந்துவிட்டார்கள். அக்கம் பக்கத்துக் குழந்தைகளும் வந்துவிட்டார்கள். மேஜையின் நடுவில் பெரிய கேக். அதன் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று பல நிறங்களில் கிரீம் பூக்கள். பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல். ஒரு தட்டு நிறைய மிட்டாய். பாட்டில் பாட்டிலாகக் குளிர்பானம். பெரியவர்களுக்குப் பிரியாணி.

எல்லாம் சரி. இதில் பிறந்தநாள் கொண்டாடும் குழந்தை சாப்பிடக் கூடியது எது?

எண்ணிப் பாருங்கள். ஒன்றுமே இல்லை!

வறுவலை அதனால் மெல்ல முடியாது. மிட்டாய் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். குளிர்பானம் கூடாது. பிரியாணி காரம். மிஞ்சியது கேக்கின் மேல் இருக்கிற கிரீம்தான். அதைத்தான் ஆளுக்கு ஒரு விரல் எடுத்துக் குழந்தையின் வாயில் தடவுகிறோம். குழந்தை முகத்தைச் சுளிக்கிறது. நாம் கைதட்டுகிறோம். போட்டோ எடுக்கிறோம்.

விழா குழந்தைக்கு. விருந்து மட்டும் மற்றவர்களுக்கு. இது நியாயமா?

சின்னக் குழந்தையின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே சமையுங்கள். குழந்தை சாப்பிடக் கூடியதைச் சமையுங்கள். அதையே மற்றவர்களும் சாப்பிடட்டும். இதுதான் நாம் சொல்ல வருவது.

அன்றும் இன்றும்

சென்னை கோபாலபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குடும்பங்கள் வாழ்கிற பகுதி. அங்கே வேணுகோபால சுவாமி கோவில் இருக்கிறது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட பகுதிகளில் குழந்தைக்கு ஆண்டு நிறைவு என்றால், ஆங்கிலத் தேதியைப் பார்க்க மாட்டார்கள். பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரம் என்றைக்கு வருகிறது என்று பார்ப்பார்கள். அன்று காலையில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். புதுச்சட்டை போடுவார்கள். கோவிலுக்குப் போய் வருவார்கள். வீட்டில் பாயசம், வடை. பக்கத்து வீடுகளுக்கும் ஒரு கிண்ணம் போகும். அவ்வளவுதான் விழா.

கேக் வெட்டும் வழக்கம் வெளியிலிருந்து வந்தது. குழந்தையின் பிறந்தநாளில் கேக் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் இருந்தது. பிறகு அது உலகம் எங்கும் பரவியது. நம் நாட்டில் 1883-ஆம் ஆண்டு கேரளத்துத் தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் ஒரு கிறிஸ்துமஸ் கேக் செய்தார். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்று சொல்வார்கள்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்? கொரியாவில் குழந்தையின் முதல் பிறந்தநாள் மிகப் பெரிய விழா. அன்று அரிசி மாவை ஆவியில் வேகவைத்து வெள்ளை வெளேர் என்று ஒரு பலகாரம் செய்வார்கள். நம் ஊர்ப் புட்டுக்கும் கொழுக்கட்டைக்கும் அது அக்காள் தங்கை மாதிரி! சீனாவில் நீளமான நூடுல்ஸ் செய்வார்கள். அது நீண்ட ஆயுளுக்கு அடையாளம்.

பல நாடுகளில் குழந்தையின் பிறந்தநாளுக்கு என்று வீட்டுப் பலகாரம் ஒன்று இருந்தது. அந்த ஊரில் விளைகிற தானியத்தில் அதைச் செய்தார்கள்.

வெளியில் போய்ச் சாப்பிடுவது தப்பு என்று நாம் சொல்லவில்லை. கோபாலபுரத்துக்குப் பக்கத்தில், கதீட்ரல் ரோட்டில், 1962-ஆம் ஆண்டு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் தொடங்கியது. மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடலாம். 2008-ல் அதை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில்தான் 2010-ல் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அந்த ஓட்டலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். ஆனால் அங்கே சாப்பிட்டது என்ன? இட்லி, தோசை! மடியில் இருந்த குழந்தைக்கும் அதிலிருந்து ஒரு வாய் பிட்டு ஊட்டலாம். இன்றைய பிறந்தநாள் மேஜையில் அப்படி ஊட்ட எது இருக்கிறது?

பஞ்சு மிட்டாய் சொன்ன பாடம்

கோபாலபுரத்திலிருந்து மெரினா கடற்கரை அதிக தூரம் இல்லை. அங்கே பஞ்சு மிட்டாய் பார்க்காத குழந்தை உண்டா? கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறம்! பிறந்தநாள் விழாக்களுக்கும் அதைக் கொண்டுவந்து வைப்பது வழக்கமாகிவிட்டது.

2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் பஞ்சு மிட்டாயைச் சோதித்தார்கள். அதில் 'ரோடமின்-பி' என்ற சாயம் இருந்தது. சென்னையிலும் மாதிரிகள் எடுத்துச் சோதித்தார்கள். இங்கேயும் அதே சாயம்! அந்த மாதமே தமிழ்நாடு அரசு அந்த மிட்டாய்க்குத் தடை விதித்தது.

ரோடமின்-பி என்பது என்ன? துணிக்கும் காகிதத்துக்கும் நிறம் ஏற்றுகிற தொழிற்சாலைச் சாயம். சட்டையில் இருக்க வேண்டியது. குழந்தையின் வயிற்றில் இருக்க வேண்டியது அல்ல.

அதே 2024-ஆம் ஆண்டு கர்நாடக அரசு கேக்குகளைச் சோதித்தது. 235 மாதிரிகள் எடுத்தார்கள். 223 மாதிரிகள் நல்லவை. 12 மாதிரிகளில் செயற்கை நிறம் ஆபத்தான அளவில் இருந்தது. எல்லாக் கடையும் மோசம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஒன்று நம் வீட்டு மேஜைக்கு வந்தால், பார்த்துக் கண்டுபிடிக்க நம்மால் முடியுமா? முடியாது.

அதே ஆண்டு ஏப்ரலில் இன்னோர் எச்சரிக்கையும் வந்தது. வாயில் போட்டால் புகை வருகிற பிஸ்கட் ஒன்று விழாக்களில் பிரபலமாகி இருந்தது. திரவ நைட்ரஜன் ஊற்றித் தருவார்கள். அதன் குளிர் சாதாரணக் குளிர் அல்ல. பனிக்கட்டியைவிடப் பல மடங்கு கடுமையானது. பட்ட இடம் தீப்பட்டதுபோல் புண்ணாகும். கர்நாடகத்தில் அதைத் தின்ற ஒரு சிறுவன் துடித்த காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறையும் அதைப்பற்றி எச்சரித்தது.

சரி, அனுமதி பெற்ற நிறங்கள்? அவற்றுக்கும் அளவு உண்டு. இங்கிலாந்தில் 2007-ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 3 வயதுக் குழந்தைகளுக்கும், 8, 9 வயதுக் குழந்தைகளுக்கும் சில செயற்கை நிறங்கள் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகளுக்குத் துறுதுறுப்பு கட்டுக்கு அடங்காமல் அதிகமாயிற்று. அதன் பிறகு, 2010 முதல், அந்த நிறங்கள் சேர்ந்த உணவின் உறையில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று ஐரோப்பாவில் விதி வந்தது.

நம் சமையல் அறையிலும் நிறம் உண்டு. காரட் உண்டு. பீட்ரூட் உண்டு. கீரை உண்டு. மஞ்சள் உண்டு. இவை பளபளக்காது. வேகவைத்தால் பீட்ரூட் நிறம் சற்று மங்கும். மங்கட்டும்! மங்கிய நிறத்தில் குழந்தைக்கு ஆபத்து இல்லை.

சர்க்கரை எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு, 6 மாதம் முதல் 2 வயது வரை உள்ள குழந்தைகளின் உணவு பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. சர்க்கரையும் உப்பும் அதிகம் உள்ள உணவைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது அது. இனிப்புக் கலந்த பானமும் வேண்டாம் என்கிறது.

குளிர்பானம் 200 மில்லி குடித்தால் சுமார் 20 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. அதாவது 4 அல்லது 5 டீஸ்பூன். ஒரு வயதுக் குழந்தைக்கு 5 டீஸ்பூன் சர்க்கரையை யாராவது அள்ளிக் கொடுப்பார்களா? பாட்டிலில் கரைத்துக் கொடுத்தால் மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

சிலர், "நாங்கள் சர்க்கரை சேர்ப்பதில்லை. வெல்லம்தான்" என்பார்கள். வெல்லமும் சர்க்கரைதான். கருப்பட்டியும் சர்க்கரைதான். பெரியவர்கள் அளவோடு சாப்பிடலாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதுவும் வேண்டாம்.

அப்படியானால் பிறந்தநாளில் இனிப்பே கிடையாதா? ஏன் கிடையாது? கனிந்த வாழைப்பழம் இனிப்பு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு. சப்போட்டா இனிப்பு. பேரீச்சம்பழம் இனிப்பு. குழந்தையின் நாக்குக்கு இந்த இனிப்பே தாராளம். அதிக இனிப்பைப் பழக்கிவிடுவது நாம்தான்.

தேன் பற்றி ஒரு வார்த்தை. விருந்துக்குக் கைக்குழந்தைகளும் வருவார்கள். ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தேன் தடவக்கூடாது. தேனில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கலாம். அது கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயல் இழக்கச் செய்யும் விஷத்தை உண்டாக்கும். காய்ச்சினாலும் அந்த வித்து சாவதில்லை. ஒரு வயதுக்குப் பிறகு பயம் இல்லை.

வீட்டுப் பலகாரத்திலும் ஆபத்து உண்டு

வீட்டில் செய்தால் எல்லாம் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். கிருஷ்ண ஜயந்திக்குச் சீடை செய்கிறோம். சின்னக் கிருஷ்ணனுக்கு என்று சொல்லித்தான் செய்கிறோம். ஆனால் அந்தச் சீடையை நிஜமான ஒரு சின்னக் குழந்தையிடம் கொடுத்தால் என்ன ஆகும்?

சீடை உருண்டை. கெட்டி. குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகல். ஒரு வயதில் முன்பற்கள்தான் இருக்கும். அரைத்து மெல்லும் கடைவாய்ப் பற்கள் முழுவதும் முளைக்க இரண்டரை வயது ஆகும். அதற்குப் பிறகும் நன்றாக மெல்லக் கற்றுக்கொள்ள நான்கு வயது ஆகிவிடும். அழும்போதோ, சிரிக்கும்போதோ, ஓடும்போதோ வாயில் இருக்கும் கெட்டிப் பொருள் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளலாம்.

ஆகையால் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டியவை இவை: முழு நிலக்கடலை, முழு முந்திரி, சீடை, முறுக்கு, கடலை மிட்டாய், பொரித்த சோளம், உருண்டை மிட்டாய், முழுத் திராட்சை, பச்சைக் காரட் துண்டு, முழுப் பட்டாணிச் சுண்டல். பெரியவர்களுக்கு முறுக்கு வேண்டும் என்றால் உயரமான அலமாரியில் வையுங்கள். டீப்பாயில் வைக்காதீர்கள். திராட்சை கொடுக்க வேண்டும் என்றால் விதை நீக்கி, நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். சுண்டலை மசித்துக் கொடுங்கள்.

பலூனும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியதுதான். வெடித்த பலூன் துண்டைக் குழந்தை வாயில் போட்டால், அது தொண்டையில் படலம்போல் ஒட்டிக்கொள்ளும். வெடித்ததும் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள்.

அப்படியும் ஏதாவது சிக்கி, குழந்தையால் அழவோ இருமவோ முடியவில்லை என்றால்? பதற வேண்டாம். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் குழந்தையின் தலை கீழ்நோக்கி இருக்குமாறு முன்பக்கம் சாய்த்துப் பிடித்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே முதுகில் உள்ளங்கையால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். வெளியே வரவில்லையா? ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால், பின்னால் இருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்த வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. நெஞ்சின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை அழுத்த வேண்டும். சிக்கிய பொருள் வெளியே வரும்வரை முதுகில் 5, பிறகு அழுத்துவது 5 என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடாதீர்கள். அது இன்னும் உள்ளே போய்விடும்.

குழந்தை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

என்ன சமைக்கலாம்?

அதிகம் வேண்டாம். நான்கு பலகாரம் போதும். எல்லாம் வழக்கமான சாமான்கள்தான்.

முதலில், சின்ன இட்லி. வழக்கமான இட்லி மாவை மூன்று பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு வெள்ளையாகவே இருக்கட்டும். இன்னொரு பங்கில், வேகவைத்து அரைத்த காரட்டைக் கலக்குங்கள். மூன்றாவது பங்கில் பீட்ரூட் விழுது. காசளவுக் குழி உள்ள தட்டில் ஊற்றி, ஆவியில் வேகவையுங்கள். வெள்ளை, ஆரஞ்சு, ரோஜா என்று மூன்று நிறம் வந்துவிடும். ஒரு வயதுக் குழந்தைக்கு ஒவ்வொன்றையும் நான்காகப் பிட்டுக் கொடுங்கள். நெய் ஒரு சொட்டு போதும்.

இரண்டாவது, பொங்கல். அரிசி 1 பங்கு, பாசிப்பருப்பு அரைப் பங்கு, தண்ணீர் 5 பங்கு. ஒரு துண்டு மஞ்சள் பூசணியும் போடலாம். குழைய வேகவையுங்கள். வெந்ததும் குழந்தைகளுக்கு வேண்டியதைத் தனியே எடுத்து, நெய் விட்டு மசித்து வையுங்கள். மிச்சத்தில் உப்பு, மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி தாளித்துக் கொட்டினால் பெரியவர்களுக்கு வெண்பொங்கல் தயார். ஒரே பானையில் இரண்டு சாப்பாடு!

மூன்றாவது, பாயசம். பாசிப்பருப்பை வாசனை வர வறுத்து, வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். வெல்லம் போடுவதற்கு முன்னால் குழந்தைகளின் பங்கைத் தனியே எடுத்துவிடுங்கள். அதில் கனிந்த வாழைப்பழத்தை மசித்துக் கலக்குங்கள். மற்றதில் வெல்லமும் ஏலக்காயும் போடுங்கள். முந்திரியை வறுத்துப் பெரியவர் கிண்ணத்தில் மட்டும் தூவுங்கள்.

நான்காவது, கேக். ஆம், கேக்தான்! குழந்தைகள் வெட்டி மகிழட்டும். அதை இட்லிப் பானையிலேயே செய்யலாம். கேழ்வரகு மாவு 1 கப், கோதுமை மாவு அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். மூன்றையும் கலந்து இரண்டு முறை சலியுங்கள். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 8 எடுத்து, முக்கால் கப் சூடான பாலில் ஊறவைத்து அரையுங்கள். கனிந்த வாழைப்பழம் 3 மசியுங்கள். உருக்கிய நெய் 4 மேஜைக்கரண்டி. எல்லாவற்றையும் கலந்து, நெய் தடவிய பாத்திரத்தில் பாதி அளவுக்கு ஊற்றுங்கள். தட்டுப்போட்டு மூடி, ஆவியில் 30 முதல் 35 நிமிஷம் வேகவையுங்கள். நடுவில் ஈர்க்குச்சியைக் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. நன்றாக ஆறிய பிறகே வெட்ட வேண்டும். முதல் நாளே ஒருமுறை சிறிய அளவில் செய்து பார்த்துவிட்டால் கை பழகிவிடும்.

கேழ்வரகைக் கேவலமாக நினைக்காதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பல்லும் எலும்பும் வளர்கிற வயதில் அது வேண்டியதுதானே?

குடிப்பதற்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், நீர்மோர். சாப்பிட்ட பிறகு பப்பாளி, சப்போட்டா. விதை எடுத்துக் கொடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. குழந்தை இதுவரை சாப்பிடாத எதையும் விழா அன்று முதல் முறையாகக் கொடுக்காதீர்கள். முந்தின வாரங்களில் கொஞ்சம் கொடுத்துப் பழக்குங்கள். மேலும், அழைக்கும்போதே, "உங்கள் குழந்தைக்குப் பால், முட்டை, கடலை ஏதாவது ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

சூடு, நேரம், கை

சென்னை வெயில் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். சமைத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. கடும் வெயில் நாளில் 1 மணி நேரமே அதிகம். தேங்காய்ப்பால் பாயசம் சீக்கிரம் கெட்டுவிடும். சோற்றிலும் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெளியில் கிடந்தால் அது பெருகி விஷத்தை உண்டாக்கும். திரும்பச் சூடு செய்தாலும் அந்த விஷம் போகாது.

ஆகையால், விருந்து 11 மணிக்கு என்றால் 10 மணிக்குச் சமையல் முடிந்தால் போதும். விடியற்காலையிலேயே செய்து வைக்க வேண்டாம். மாவு அரைப்பது, பருப்பு வறுப்பது, காய் கழுவுவது எல்லாம் முதல் நாள் வேலை. விழா நேரத்தையும் குழந்தையின் தூக்கத்தைப் பார்த்து வையுங்கள். தூங்கி எழுந்த குழந்தை சிரிக்கும். தூக்கம் கெட்ட குழந்தை எந்த விருந்தையும் தொடாது.

சமைப்பவர், ஊட்டுபவர், ஊட்டிக்கொள்பவர் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வருகிற விருந்தினரும்தான்!

யார் சமைப்பது?

இங்கேதான் உண்மையான சங்கடம் இருக்கிறது. "வீட்டில் சமையுங்கள்" என்று சொல்வது சுலபம். யார் சமைப்பது? பெரும்பாலான வீடுகளில் அந்தக் குழந்தையின் தாய்தான். இரவெல்லாம் குழந்தையோடு விழித்திருப்பவள் அவள். பகலில் வேலைக்குப் போகிறவளாகவும் இருப்பாள். விழா அன்று விடியற்காலையில் அடுப்படிக்குள் போனால், கடைசி விருந்தாளி போகும்வரை வெளியே வரமாட்டாள். குழந்தை கேக் வெட்டும்போது அவளைக் கூப்பிட வேண்டியிருக்கும். போட்டோவில் அவள் முகம் வியர்த்திருக்கும். இல்லாவிட்டால் அவள் போட்டோவிலேயே இருக்கமாட்டாள்.

ஓட்டலிலிருந்து வரவழைக்கிறார்களே, அது சோம்பேறித்தனத்தால் அல்ல. பல வீடுகளில் இந்தக் களைப்பினால்தான். அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால் வழி இருக்கிறது. இது தாய் ஒருத்தியின் வேலை இல்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்ய வேண்டும். தகப்பனார் முதல் நாள் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கட்டும். மாவு அரைக்கட்டும். காலையில் இட்லிப் பானையைக் கவனிக்கட்டும். இட்லி வேகவைக்க ஆணுக்குத் தெரியாதா என்ன? நம் ஊர் ஓட்டல்களில் அடுப்படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தானே! தாத்தா பாசிப்பருப்பு வறுக்கட்டும். பாட்டி பக்குவம் சொல்லட்டும். அத்தையும் சித்தியும் மாமாவும் விருந்தாளியாக 11 மணிக்கு வராமல், 9 மணிக்கு வந்து காய் நறுக்கட்டும். பாத்திரம் கழுவ இப்போதே ஆளைக் குறித்துவிடுங்கள். சமைப்பதற்குப் பத்துப் பேர் வருவார்கள். கழுவும்போது யாரும் இருக்கமாட்டார்கள்!

ஆண்கள் கை கொடுக்காத வீட்டில், "வீட்டில்தான் சமைக்க வேண்டும்" என்று சட்டம் பேச வேண்டாம். அது குழந்தையின் பெயரால் தாய்க்குத் தருகிற தண்டனை. அப்படிப்பட்ட வீட்டில், பக்கத்தில் வீட்டுச் சமையல் செய்து கொடுப்பவர்களிடம் இட்லியும் பொங்கலும் சொல்லி வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் பங்கில் உப்பு, காரம், சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பலர் சேர்ந்து குழந்தைகளுக்காகச் சமைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. 1980-ல் தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு ஓர் ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. கிராமங்களில் 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். அந்தச் சத்துணவு லட்டைக் கிராமத்துப் பெண்களே கூட்டாகச் சேர்ந்து செய்தார்கள். அந்த லட்டு ஆடம்பரப் பண்டம் அல்ல. எத்தனையோ குழந்தைகள் அதைச் சாப்பிட்டு எடை ஏறினார்கள்.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?"

கடைசியாக மிஞ்சுவது இந்தக் கேள்விதான். "அவர்கள் வீட்டில் மண்டபம் பிடித்தார்கள். மூன்று அடுக்குக் கேக் வெட்டினார்கள். நாம் இட்லியும் பொங்கலும் போட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?"

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு மண்டபம் தெரியாது. அடுக்குக் கேக் தெரியாது. பாட்டு அலறினால் அது பயந்து அழும். அறிமுகம் இல்லாத ஐம்பது பேர் தூக்கினால் அதுவும் அழும். அதற்குத் தெரிந்தவை அம்மாவின் மடி, அப்பாவின் தோள், தாத்தாவின் குரல், வயிறு நிறைந்த சுகம். இவை நான்கும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

கடன் வாங்கிப் பிறந்தநாள் கொண்டாடுகிற குடும்பங்கள் இன்று உண்டு. விழா ஒரு நாளில் முடிந்துவிடும். கடன் குழந்தையோடு சேர்ந்து வளரும்! அந்தப் பணத்தில் பாதியைக் குழந்தையின் பெயரில் தபால் ஆபீசிலோ பாங்கியிலோ போடுங்கள். மீதியில் பத்துப் பேரைக் கூப்பிட்டு, வயிறார விருந்து வையுங்கள். முடிந்தால் பக்கத்து அங்கன்வாடிக் குழந்தைகளுக்குப் பழம் வாங்கிக் கொடுங்கள்.

நாலு பேர் முதலில் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். பிறகு அவர்கள் வீட்டுக் குழந்தையும் ரோஜா நிற இட்லியை இரண்டு கையாலும் எடுத்துத் தின்னும். அதன் தாய் உங்களிடம் வந்து, "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பாள். சொல்லிக் கொடுங்கள். அடுத்த மாதம் அவர்கள் வீட்டுப் பிறந்தநாளிலும் அந்த இட்லி இருக்கும். அன்று அந்தத் தாய்க்குக் கை கொடுக்க நீங்களும் 9 மணிக்கே போய்விடுங்கள்.

பிறந்தநாள் குழந்தைக்கு. பலகாரமும் குழந்தைக்கே இருக்கட்டும். நமக்கும் அதில் ஒரு பங்கு நிச்சயம் கிடைக்கும்!